கோடை தாண்ட வேண்டிய வைக்கோல்

தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகிற சமயம் காவிரிப் படுகையில் வைக்கோலைச் சீந்துவார் இல்லை. வயலிலும் சாலையோரத்திலும் அம்பாரமாய்க் கிடக்கும். கட்டுகிற கூலியும் வண்டி வாடகையும்தான் அதன் விலை. சித்திரை பிறந்துவிட்டால் அதே வைக்கோலுக்கு ஊர் ஊராய் விசாரிக்க வேண்டும், சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தாலும், தண்ணீர் கடைமடைக்கு வந்து வரப்பில் புல் தலைகாட்ட மேலும் சில வாரங்கள் பிடிக்கும். ஆக, பங்குனி தொடங்கி ஆனி முடிய நான்கு மாதம், 120 நாள், மாட்டின் வாய்க்கு வைக்கோல்தான் கதி.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்த நெருக்கடி பனிக்காலத்தில் வரும். கோடையில் விளைந்த புல்லை அறுத்து, உலர்த்தி, உருட்டி வைத்துக்கொண்டு பனி மூடிய மாதங்களைத் தள்ளுவார்கள். நமக்கு அந்தப் பனிக்காலம் வெயில் காலம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சேர்த்து வைப்பது முற்றுவதற்கு முன் அறுத்த, சத்துள்ள புல். நாம் சேர்த்து வைப்பதோ, நெல்மணி தனக்கு வேண்டியதையெல்லாம் உறிஞ்சிக்கொண்ட பிறகு மிஞ்சுகிற தாள். ஆகவே அவர்களைவிட நாம் இன்னும் கணக்காக இருந்தாக வேண்டும்.

போரில் எத்தனை கட்டு இருக்கிறது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். வயலை விட்டுக் கிளம்பிய 100 கிலோவில் மாட்டின் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும். போரிலேயே கொஞ்சம் மக்கிப் போகிறது. காலடியில் கொஞ்சம் மிதிபடுகிறது. மிச்சம் வயிற்றுக்குள் போய், அதிலும் பாதிக்கு மேல் சாணமாக வெளியே வந்துவிடுகிறது. இந்தக் கடைசி இழப்புதான் பெரியது, கண்ணுக்குத் தெரியாததும் அதுதான். அதைக் குறைக்க ஆகிற செலவோ மிகக் கொஞ்சம்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். அதற்கு மாட்டின் எடை தெரிய வேண்டும். எடைமேடைக்கு ஓட்டிப் போக வேண்டாம், தையற்கார அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 62 அங்குலம், நீளம் 54 அங்குலம் உள்ள பசு 315 கிலோ தேறும்.

அந்த எடையுள்ள பசு வைக்கோலை நம்பியே இருந்தால் நாளொன்றுக்கு 5 கிலோ அளவில் தின்னும். 120 நாளைக்கு 600 கிலோ. மினி பேலர் உருட்டித் தள்ளுகிற கட்டு ஒன்று 20 கிலோ என்றால் 30 கட்டு. இது வயிற்றுக்குள் போகிற கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு வீணாகிற கொட்டகையில் அதே பசுவுக்கு 750 கிலோ, அதாவது 38 கட்டு வேண்டும். இரண்டு பசு வைத்திருப்பவர் 15, 16 கட்டைக் குப்பைக்குழிக்கு அனுப்புகிறார் என்று அர்த்தம்.

கட்டுக்கு 20 கிலோ என்று நானாகப் போட்டுக்கொண்ட கணக்கு இது. இயந்திரத்தைப் பொறுத்தும், எவ்வளவு இறுக்கிச் சுற்றினார்கள் என்பதைப் பொறுத்தும் 15-ம் இருக்கும், 25-ம் இருக்கும். வைக்கோலை எண்ணிக்கையில் வாங்குகிற வழக்கம் வாங்குபவருக்குச் சாதகமானதல்ல. நாலைந்து கட்டையாவது தராசில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஈரக் கட்டு நன்றாகவே கனக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வைக்கோலின் தரம் வயலிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. சோளத்தட்டில் இலைதான் ருசி, இலைதான் சத்து, தண்டு மட்டம். நெல்லில் இது தலைகீழ். மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா நெல் இலையில் ஏறிக் கிடப்பதால் இலையைவிடத் தண்டுதான் நன்றாகச் செரிக்கும். அறுவடை இயந்திரம் ஒரு முழ உயரத்தில் அறுத்துக்கொண்டு போனால் நல்ல பாகம் வயலிலேயே நின்றுபோகிறது. உயர்த்தி அறுத்தால் இயந்திரக்காரருக்கு வேலை சீக்கிரம் முடியும், டீசலும் மிச்சம். மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று தாழ்த்தி அறுக்கச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது ஈரம். தை மாதப் பனி காலை பத்து மணி வரை தாளில் கிடக்கும். பேலர் விடிந்ததும் வந்து நிற்கும், அடுத்த வயலுக்குப் போகிற அவசரம் அதற்கு. ஒரு பிடி வைக்கோலை எடுத்து இரண்டு கையாலும் முறுக்குங்கள். நொறுங்கி முறிந்தால் கட்டலாம். கயிறாய்த் திரிந்தால் இன்னும் காய வேண்டும். ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் கட்டு கெடாது. ஈரத்தோடு உருட்டிய கட்டுக்குள் பூசணம் பெருகிச் சூடேறும். ஒரு வாரம் கழித்துக் கட்டுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே பிரித்துப் போட்டுவிடுங்கள், அந்தச் சூடு முற்றினால் போரே தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. குறுவை வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்துதான் பெரும்பாலும் வரும். அதைக் கோடைக்கென்று சேர்த்து வைக்காமல் அப்போதைக்கப்போது தீர்த்துவிடுவதே புத்தி.

பழைய காலத்துப் போர் ஒரு கட்டடக்கலை. கல்லோ மரக்கட்டையோ பரப்பித் தரையிலிருந்து தூக்கி, நடுவில் நன்றாக மிதித்து, மேலே கூம்பாக்கி, மேல் வைக்கோல் கீழ்நோக்கிச் சரிந்து நிற்கும்படி வேய்ந்திருப்பார்கள். கோடை மழை எவ்வளவு அடித்தாலும் நாலு விரல்கடைக்கு மேல் உள்ளே இறங்காது. போர் போடத் தெரிந்த ஆள் இன்று அரிது. கட்டுகளை அடுக்கித் தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிடுகிறோம். இதில் ஒரு கணக்கு ஏமாற்றுகிறது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக் கட்டில் வெளிப்புறம் 5 சென்டிமீட்டர் மட்டும் மக்கினால் ஏதோ தோல்தான் போயிற்று என்று தோன்றும். உருளையின் வெளிவட்டம் பெரிது என்பதால் அந்தத் தோலிலேயே 30 சதவீத வைக்கோல் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் மக்கினால் பாதிக்கு மேல் போய்விடும். கட்டு சிறிதாகச் சிறிதாக இந்த நட்டம் கூடும். மேல்நாட்டில் ஆளுயரக் கட்டைத் திறந்த வெளியில் போட்டு வைக்கிறார்களே என்று பார்த்து நாமும் அப்படிச் செய்ய முடியாது.

அடியில் பழைய பலகை, பனைமட்டை, செங்கல் எதையாவது போட்டு ஒரு சாண் தூக்கிவிடுங்கள். தரையில் உட்கார்ந்த கட்டு மழையே பெய்யாவிட்டாலும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். தார்ப்பாய் கட்டின் மேல் ஒட்டிக் கிடந்தால் உள்ளே வேர்த்து மேல்வரிசை கெடும். நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்துக் காற்று போக இடைவெளி விட வேண்டும். எடுக்கும்போது ஒரே பக்கமாக, மேலிருந்து கீழாக எடுத்து வர வேண்டும். நாலு பக்கமும் பிடுங்கினால் போர் ஓட்டையாகிவிடும், பாம்புக்கும் எலிக்கும் அது வசதி.

பூசணம் பிடித்த வைக்கோலை வெயிலில் உலர்த்திப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பூசணம் சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பஞ்சாப், அரியானா பக்கம் பூசண வைக்கோல் தின்ற எருமைகளுக்கு வால் நுனி, காது மடல், குளம்பு எல்லாம் அழுகி விழுகிற நோய் உண்டு. டெக்னாலா என்பார்கள். கறுத்த வைக்கோலை எருக்குழியில் போடுங்கள், அதற்கு மனம் சங்கடப்பட வேண்டாம்.

இனி காடி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருளைக் கட்டுகளை நான்கு விதமான தீவனக் கூண்டுகளில் வைத்து, மாடு தின்றது போக வெளியே விழுந்ததை எடை போட்டார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், கூம்பு வடிவக் கூண்டில் 3.5 சதவீதமும், வெறும் வளையக் கூண்டில் 6.1 சதவீதமும், டிரெய்லரில் 11.4 சதவீதமும், தொட்டில் வடிவத்தில் 14.6 சதவீதமும் வீணாயின. புல் ஒன்றேதான், கூண்டு மட்டும் மாறியது. காரணம் எளியது. மாடு ஒரு வாய் கவ்வியதும் தலையை வெளியே இழுத்து நின்று மென்றால் வாயில் தொங்குவது பாதி கீழே விழும். தலையை உள்ளேயே வைத்து மெல்லும்படி கூண்டு அமைந்திருந்தால் விழுவதும் கூண்டுக்குள்ளேயே விழும். பக்கத்து மாடு முட்டித் தள்ளினாலும் இதே கதை.

நம் கொட்டகைக்கும் இது அப்படியே பொருந்தும். தரையில் போடுகிற வைக்கோலின் மேல் மாடு நிற்கும், மூத்திரம் விடும், பிறகு அதை முகர்ந்துகூடப் பார்க்காது. காடியின் அடிமட்டம் மாடு நிற்கிற தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். மாட்டின் பக்கச் சுவர் தாழ்ந்தும், எதிர்ச்சுவர் உயர்ந்தும் இருந்தால் முன்னால் தள்ளிவிட முடியாது. குறுக்கே ஒரு கம்போ குழாயோ கொடுத்துத் தலை மட்டும் உள்ளே போகும்படி செய்தால் மாடு நின்று நிதானமாகத் தின்னும். மாட்டுக்கு மாடு தடுப்பு வேண்டும், இல்லாவிட்டால் வலுத்தது தின்னும், இளைத்தது பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் பங்கை மொத்தமாகக் கொட்டாமல் மூன்று நான்கு தடவையாகப் போடுங்கள். மூச்சுக்காற்று பட்டு ஈரமான வைக்கோலை மாடு ஒதுக்கும்.

நறுக்கிப் போடுவது நல்லதா என்று கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் எதற்கு நல்லது என்பதில் தெளிவு வேண்டும். நறுக்கினால் வைக்கோலில் சத்து கூடாது. இழுத்துப் போட்டு மிதிக்கிற வீண் குறையும், புண்ணாக்கையும் தவிட்டையும் அதோடு பிசறிக் கொடுக்க முடியும், அவ்வளவுதான். சோளத்தட்டுக்கு இது கட்டாயம், ஏனென்றால் மாடு இலையை உருவிக்கொண்டு தண்டை விட்டுவிடும். ஒன்று, ஒன்றரை அங்குல நீளம் சரி. அதற்கும் சின்னதாகப் பொடித்தால் மாடு அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும். புல் நறுக்கும் இயந்திரம் மானியத்தில் கிடைப்பதுண்டு, பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். வாய்ப்பகுதிக்கு மூடி இல்லாத இயந்திரத்தை மட்டும் வாங்காதீர்கள், விரல் போனவர்கள் நிறையப் பேர்.

போர், காடி இரண்டையும் சரிசெய்தாயிற்று. ஆனாலும் தொட்டி நிறைய வைக்கோல் இருக்க, மாடு மட்டும் எலும்பும் தோலுமாய் நிற்பதைக் கோடையில் எந்த ஊரிலும் பார்க்கலாம். தின்னக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வைக்கோலைத் தொட்டு முகர்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். வீட்டுக்காரர் பசிமந்தம் என்று நினைத்துக் கஷாயம் காய்ச்சுவார். பிரச்சினை முதல் வயிற்றில் இருக்கிறது.

மாடு வைக்கோலைத் தின்கிறதே தவிர, அதைச் செரிக்கிற சக்தி மாட்டுக்குக் கிடையாது. 100 லிட்டருக்கு மேல் கொள்கிற முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாரை உடைப்பது அவை. அவை பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும், அது தீனியில் உள்ள புரதத்திலிருந்து வர வேண்டும். தீனியின் உலர்எடையில் 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3, 4 சதவீதம். கூலி கொடுக்காத வேலையாட்கள் எப்படி வேலை செய்வார்களோ அப்படித்தான் நடக்கும். உடையாத வைக்கோல் வயிற்றில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. இடம் காலியானால்தான் அடுத்த வாய் இறங்கும். வயிறு நிறைந்திருக்கிறது, மாடு பட்டினி கிடக்கிறது.

எவ்வளவு போதாமல் போகிறது என்று போட்டுப் பார்ப்போம். 5 கிலோ வைக்கோலில் ஈரம் போக உலர்பொருள் நாலரைக் கிலோ. 4 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் புரதம் 180 கிராம். 7 சதவீதம் என்றால் 315 கிராம் இருக்க வேண்டும். குறைவது 135 கிராம். கடலைப் புண்ணாக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் புரதம், ஆகவே 300, 350 கிராமில் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி. தோலுள்ள பருத்திப் புண்ணாக்கானால் 600 கிராம். காசே வேண்டாம் என்றால் வேலியில் நிற்கிற சூபாபுல் இலை 2 கிலோ, அல்லது அகத்திக்கீரை 3 கிலோ போதும். கிளிரிசிடியா, வேலிமசால், முசுக்கொட்டை இலையும் ஆகும். சூபாபுல்லில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு, மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

இந்த இரண்டு கிலோ இலையால் மாட்டின் வயிறு நிறையாது. வேலை நடப்பது வைக்கோலில். அதே வைக்கோல் கூடுதலாகச் செரிக்கிறது, சீக்கிரம் வயிற்றை விட்டு நகர்கிறது, மாடு கூடுதலாகத் தின்கிறது. பச்சை இலையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காய்ந்த வைக்கோலில் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் இல்லவே இல்லை. மாதக்கணக்கில் பச்சையே காணாத சினைமாடு கண் தெரியாத கன்றை ஈனுவதற்கும், பசு பருவத்துக்கு வராமல் போவதற்கும் அது ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி இலை என்று போடுவதில் பயனில்லை. கொஞ்சமானாலும் தினம் விழ வேண்டும்.

அசோலா வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பத்திரிகைகளில் நிறைய எழுதியாயிற்று. அதில் 100-க்கு 93, 94 பங்கு தண்ணீர். ஒரு கிலோ அசோலாவில் தேறுகிற புரதம் 15 கிராம். 135 கிராம் குறையை அடைக்க 9 கிலோ வேண்டும். வேலியில் நாலு அகத்தி நட்டவர் அதைவிட நிம்மதியாக இருப்பார்.

வைக்கோலையே சத்தாக மாற்றுகிற வழி ஒன்றும் இருக்கிறது, யூரியா பதப்படுத்தல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். யூரியாவை முழுவதும் கரைத்துக்கொண்டு, சிமென்ட் தரையிலோ விரிப்பின் மேலோ வைக்கோலைப் படலம் படலமாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்துக்கும் பூவாளியால் சீராகத் தெளித்து நன்றாக மிதிக்க வேண்டும். பிறகு பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் மண் அணைத்து 21 நாள் விட்டுவிட வேண்டும். வைக்கோலில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக்கும். அந்த அம்மோனியா நாரின் பிடிப்பைத் தளர்த்தும், நைட்ரஜனையும் ஏற்றும். திறக்கும்போது நிறம் மங்கிய பழுப்பாகி, கண்ணில் நீர் வரும்படி நெடி அடித்தால் பதம் சரி. புரத அளவு ஏறக்குறைய இரட்டித்திருக்கும். ஒரு பக்கமாக எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்குக் கூடவே கூடாது.

1980-களிலிருந்தே இதை நாடு முழுக்கப் பரப்பிப் பார்த்திருக்கிறார்கள், பெரிதாக ஒட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று மாடு வைத்திருப்பவருக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் தூக்க வேண்டும், ஆள் வேண்டும், விரிப்பு வேண்டும், நெடியைப் பொறுக்க வேண்டும். பத்து மாடு, டன் கணக்கில் வைக்கோல் உள்ளவருக்கு லாபம். இரண்டு மாட்டுக்காரருக்கு அகத்தியும் புண்ணாக்கும் போதும் என்பது என் கட்சி. இரண்டுக்கும் நடுவே யூரியாவும் வெல்லப்பாகும் தாது உப்பும் சேர்த்து இறுக்கிய நக்குக் கட்டி இருக்கிறது. தேசியப் பால்வள வாரியம் பல காலமாக ஊக்குவிக்கிறது. மாடு கொஞ்சம் கொஞ்சமாக நக்குவதால் ஆபத்து குறைவு.

ஆபத்து என்றது சும்மா அல்ல. பதப்படுத்தாமல், யூரியாத் தண்ணீரை வைக்கோலில் தெளித்து அப்போதே போடுவது, கரைசல் வாளியை மாட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது, இரண்டும் மாட்டைக் கொன்றிருக்கின்றன. உடம்பு நடுங்கி, நுரை தள்ளி, வயிறு உப்பினால் நேரம் கடத்தாமல் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

வைக்கோலை எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி போடுவதும் வீண்தான். உழவு மாடு, பால் வற்றிய மாடு, வளர்ந்த கிடாரி இவை வைக்கோலும் கொஞ்சம் இலையுமாகக் கோடையைத் தாண்டிவிடும். கடைசி இரண்டு மாதச் சினையில் இருப்பதற்கும் கறப்பதற்கும் அது காணாது. வைக்கோலிலிருந்து பால் வராது. உடம்பைக் காப்பாற்ற ஒன்று, ஒன்றரைக் கிலோ அடர்தீவனமும், பிறகு கறக்கிற ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டருக்கு ஒரு கிலோவும் என்பது பொதுக் கணக்கு. கடலைக்கொடி இருந்தால் கறவைக்கென்று ஒதுக்குங்கள், வைக்கோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அதில் புரதம். அதன் இலை காய்ந்து உதிரும் முன்பே, காலை இளவெயிலில் சேர்த்துக் கட்ட வேண்டும். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கறவைக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை தவறக் கூடாது. தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய, வைக்கோலில் அது குறைவு, ஆகவே இரண்டும் நல்ல ஜோடி. மிஞ்சின சோறு வேறு விஷயம். விசேஷ வீட்டுச் சோற்றைக் குண்டானோடு கவிழ்த்தால் முதல் வயிறு புளித்து மாடு படுத்துவிடும். அளவு குறைவாக இருந்தாலும் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களை அது அமுக்கிவிடும்.

காங்கேயம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடுகளில் வேறொரு முறை. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் நின்றபடியே காயும், மாடு அதை நின்றபடியே மேயும். அறுப்பு, கட்டு, வண்டி எதுவும் இல்லை. கோடையில் வெள்வேல மரத்தின் காய்கள் உதிர்ந்து காய்ந்த புல்லில் இல்லாத புரதத்தைக் கொடுக்கும். வைக்கோலுக்கு அகத்தி எதைச் செய்கிறதோ அதைத்தான் அந்தக் காய் செய்கிறது. புத்தகம் படித்து யாரும் அந்த மரத்தை வேலிக்குள் விட்டு வைக்கவில்லை.

தண்ணீர். ஒரு கிலோ உலர்தீனிக்கு 4, 5 லிட்டர் வேண்டும், வெயிலில் இன்னும் கூட. பச்சைப் புல் தின்கிற மாட்டுக்குப் புல்லிலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும், வைக்கோல் தின்பதற்கு வராது. தண்ணீரை அளந்து வைத்தால் மாடு வைக்கோலையும் அளந்துதான் தின்னும். தொட்டியை நிழலில் வையுங்கள், எந்நேரமும் கிடைக்கட்டும். நார் செரிக்கும்போது வயிற்றுக்குள் சூடு பிறக்கும். பகல் பதினொரு மணிக்கு வைக்கோலைப் போட்டால் வெளிச்சூடும் உள்சூடும் சேர்ந்துகொள்ள, மாடு மூச்சிரைத்து நிற்கும். பெரிய பங்கைப் பொழுது சாய்ந்த பின், இரவுக்கென்று போடுங்கள். தூசி அடங்க லேசாக உப்புத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் விரும்பித் தின்னும்.

இவ்வளவு செய்தும் போர் போதாது என்று தோன்றினால் அந்தக் கணக்கைப் பங்குனியிலேயே போட்டுவிட வேண்டும். இருக்கிற கட்டின் எடையை மாட்டின் ஒரு நாள் தேவையால் வகுத்தால் எத்தனை நாள் வரும் என்று தெரிந்துவிடும். பற்றாக்குறை ஒரு மாதத்துக்கு மேல் என்றால் சித்திரை பிறக்கும் முன்பே வாங்கிப் போடுங்கள். வாங்க முடியாது என்றால் கிழடு தட்டியதையும் சினை நிற்காததையும் அப்போதே சந்தைக்கு ஓட்டுங்கள். பங்குனியில் மாட்டுக்குச் சதை இருக்கும், சந்தையில் கூட்டம் இருக்காது. வைகாசியில் எல்லோரும் ஓட்டி வருவார்கள், அதுவரை அது தின்ற 300, 400 கிலோ வைக்கோலும் போயிருக்கும், தரகர் கேட்கிற விலையும் பாதியாகியிருக்கும்.